லாஜிஸ்டிக்ஸ் மேலாண்மைச் சான்றிதழ்ப் படிப்பு: எதற்கு உதவுகிறது, எங்கே கைவிடுகிறது

கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவர் மேலாளர் பதவியை நோக்கி நகர நினைக்கும்போது முதலில் கண்ணில் படுபவை இணையவழிச் சான்றிதழ்ப் படிப்புகள்தான். நானும் அப்படியொரு லாஜிஸ்டிக்ஸ் மேலாண்மைப் படிப்பில் சேர்ந்து, வேலையையும் பார்த்துக்கொண்டே முழுமையாக முடித்தேன். நிறைகளோடு குறைகளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருப்பதால் நடத்தும் நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். இன்று விற்கப்படும் இத்தகைய படிப்புகளில் பலவும் ஏறக்குறைய இதே வார்ப்பில் அமைந்திருப்பதால், வேறொரு படிப்பில் சேர எண்ணுபவர்களுக்கும் இந்த மதிப்பீடு பயன்படும் என்று நம்புகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னாட்டு வணிக ஆவணங்கள் குறித்த பாடங்கள் மிகச் சிறப்பானவை; இருப்புக் கணக்குகள் சரியானவை, ஆனால் பாதியில் நின்றுவிடுகின்றன; கிடங்கு மேலாண்மைப் பாடம் சுமார்; வேலைவாய்ப்பு வழிகாட்டுதல் என்ற பகுதி விளம்பரத்தில் சொல்லப்பட்ட அளவுக்குத் தேறவில்லை. ஏற்கெனவே இந்தத் துறையில் ஏதோவொரு வேலையில் இருப்பவருக்கு இந்தப் படிப்பு நல்ல துணை. துறைக்குள்ளேயே வராதவர் இதை மட்டும் நம்பி வேலை தேடினால் ஏமாற்றமடைய வாய்ப்பு உண்டு.

படிப்பு எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றிலும் காணொளிகள், ஒரு பயிற்சித் தாள், ஒரு தேர்வு இருக்கின்றன. முதல் பகுதி துறையின் வரலாறு. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டதில் தொடங்கி, கண்டெய்னர் அளவுகள் உலகம் முழுவதற்கும் பொதுவானது வரை தெளிவாகச் சொல்கிறார்கள். கேட்கச் சுவையான பகுதி, ஆனால் வேலைக்கு நேரடியாக உதவுவது இரண்டாவது பகுதியிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்த இரண்டாவது பகுதிக்காகவே இந்தப் படிப்பைப் பரிந்துரைக்கலாம். பன்னாட்டு வணிகச் சபை 1936இல் முதன்முதலாக வெளியிட்டு அவ்வப்போது திருத்திவரும் இன்கோடெர்ம்ஸ் விதிகளை (விற்பவர், வாங்குபவர் கடமைகளைப் பிரித்துக் காட்டுபவை), பெரும்பாலான பயிற்சிகள் பதினொரு சுருக்கெழுத்துகளின் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு நகர்ந்துவிடும். இங்கே ஆசிரியர் ஒவ்வொரு விதிக்கும் மூன்று கேள்விகளை மட்டும் கேட்கிறார்: செலவு எந்த இடத்தில் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு மாறுகிறது, இழப்பின் பொறுப்பு எந்த இடத்தில் மாறுகிறது, ஏற்றுமதி இறக்குமதிச் சுங்க வேலைகளை யார் செய்ய வேண்டும். செலவு மாறும் இடமும் பொறுப்பு மாறும் இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்பதை சிஐஎஃப் (விலை, காப்பீடு, கப்பல் கட்டணம்) விதியை வைத்து அவர் விளக்கும் விதம் அருமை. கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேரும் துறைமுகம் வரை விற்பவர் கட்டுகிறார். ஆனால் சரக்கு புறப்படும் துறைமுகத்தில் கப்பலில் ஏறிய கணமே இழப்பின் பொறுப்பு வாங்குபவருக்குப் போய்விடுகிறது. நடுக்கடலில் சரக்கு நனைந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் கதவைத் தட்ட வேண்டியவர் வாங்குபவர். 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் சிஐபி (போக்குவரத்தும் காப்பீடும் விற்பவர் கட்டுவது) விதிக்கு விரிவான ‘ஏ’ வகைக் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. சிஐஎஃப் விதிக்கோ குறைந்தபட்ச ‘சி’ வகையே போதும் என்று விடப்பட்டது. இந்த வேறுபாட்டையும் அவர் விடாமல் சொல்கிறார். காப்பீட்டுச் சான்று கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, அது எந்த வகை என்று பார்க்க வேண்டும் என்ற பழக்கம் இந்த ஒரு பாடத்திலிருந்து எனக்கு வந்தது.

எஃப்ஓபி விதியைக் கண்டெய்னர் சரக்குக்குப் பயன்படுத்துவது ஏன் பொருந்தாது என்பதற்குத் தனியாக ஒரு பாடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எஃப்ஓபியில் சரக்கு கப்பலில் ஏறும் வரை பொறுப்பு விற்பவருடையது. கண்டெய்னரோ கப்பல் வருவதற்குச் சில நாட்கள் முன்பே முனையத்தில் ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது. அந்த இடைப்பட்ட நாட்களில் பெட்டி விற்பவரின் கட்டுப்பாட்டில் இல்லை, ஆனால் அதற்கு நேரும் சேதத்துக்கு அவரே பொறுப்பு. அதனால்தான், போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்ததும் பொறுப்பு மாறிவிடும் எஃப்சிஏ விதியைப் பயன்படுத்துமாறு பன்னாட்டு வணிகச் சபை அறிவுறுத்துகிறது. எஃப்சிஏவில் ஒப்படைத்தால், கப்பலில் ஏற்றப்பட்டது என்ற குறிப்புள்ள பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணம்) கிடைக்காமல் வங்கியில் பணம் பெற முடியாதே என்ற நடைமுறைச் சிக்கலுக்கு, 2020 பதிப்பில் ஒரு வழி செய்யப்பட்டிருக்கிறது: அத்தகைய ஆவணத்தை விற்பவருக்கு வழங்குமாறு கப்பல் நிறுவனத்துக்கு வாங்குபவர் அறிவுறுத்த வேண்டும் என்று இருவரும் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே உடன்பட்டுக்கொள்ளலாம். விதி, அதன் காரணம், அது உண்டாக்கும் சிக்கல், அந்தச் சிக்கலுக்கான தீர்வு என்று நான்கையும் ஒரே மூச்சில் சொல்லித்தரும் ஆசிரியர் அமைவது அரிது.

பில் ஆஃப் லேடிங் பாடமும் அதே தரத்தில் இருக்கிறது. சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, போக்குவரத்து ஒப்பந்தத்துக்கான சான்று, சரக்கின் மீதான உரிமை ஆவணம் என்ற அதன் மூன்று முகங்களையும் சொன்னதோடு நிற்காமல், வேண்டுமென்றே பிழைகள் செய்யப்பட்ட ஓர் ஆவணக் கட்டைப் பயிற்சியாகக் கொடுக்கிறார்கள். இன்வாய்ஸில் ஒரு எடை, பேக்கிங் லிஸ்ட்டில் இன்னொரு எடை. பெறுபவரின் பெயரில் ஓர் எழுத்து மாற்றம். கப்பலேறிய தேதி கடன் உறுதிக் கடிதத்தின் (பணம் தருவதாக வங்கி தரும் உறுதி) கெடுவைத் தாண்டியிருப்பது. இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலைதான் ஆவணப் பிரிவில் புதிதாகச் சேர்பவர் முதல் நாளிலிருந்து செய்யப்போகும் வேலை. 2016 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் மொத்த எடைச் சான்று விதியையும் இதே கட்டில் சேர்த்திருக்கிறார்கள். பெட்டியை நிரப்பிய பின் மொத்தமாக எடைபோடுவது ஒரு முறை. உள்ளே இருப்பவற்றின் எடை, பொதியவும் முட்டுக்கொடுக்கவும் பயன்படும் பொருட்களின் எடை, காலிப் பெட்டியின் எடை ஆகியவற்றைக் கூட்டிக் காட்டுவது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் பேலட்டுகளின் (சரக்கை அடுக்கும் பலகைத் தட்டுகள்) எடையைச் சேர்க்க மறப்பது வழக்கமான பிழை என்று ஆசிரியர் சொல்வது முற்றிலும் உண்மை.

‘எவர் கிவன்’ கப்பல் 2021 மார்ச் 23 முதல் 29 வரை சூயஸ் கால்வாயை அடைத்து நின்ற நிகழ்வை எடுத்துக்காட்டாகக் கொள்ளாத படிப்பே இன்று இல்லை. பெரும்பாலானவை தாமதத்தை மட்டும் பேசும். இந்தப் படிப்பு, கப்பல் விடுபட்ட பிறகு அதன் உரிமையாளர் ‘ஜெனரல் ஆவரேஜ்’ அறிவித்ததை எடுத்து விளக்குகிறது. கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன அசாதாரணச் செலவைக் கப்பல் உரிமையாளரும் சரக்கு உரிமையாளர்கள் அனைவரும் தத்தம் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கான உறுதியைக் கொடுத்தால்தான் சொந்தச் சரக்கையே மீட்க முடியும். காப்பீடு எடுக்காதவர் பணமாகவே வைப்புக் கட்ட நேரிடும். கடல் காப்பீட்டை ஒரு வீண் செலவாகக் கருதும் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை.

போக்குவரத்துப் பகுதியில் விமானச் சரக்கின் கட்டண எடை நன்றாகச் சொல்லித்தரப்படுகிறது. 60, 50, 40 சென்டிமீட்டர் அளவுள்ள அட்டைப் பெட்டியின் கன அளவை 6000ஆல் வகுத்தால் 20 கிலோ வருகிறது. பெட்டியின் உண்மையான எடை 12 கிலோவாக இருந்தாலும் கட்டணம் 20 கிலோவுக்குத்தான். உள்ளே இருக்கும் வெற்றிடத்தைக் குறைத்து உயரத்தை 30 சென்டிமீட்டராக்கினால் கட்டண எடை 15 கிலோவாக இறங்கிவிடும். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி விமான நிறுவனத்தோடு பேரம் பேசுவதற்கு முன் பெட்டியின் அளவைப் பாருங்கள் என்று ஆசிரியர் சொல்வது, செலவைக் குறைக்கும் பொறுப்பு முதன்முறையாக ஒருவர் தலையில் விழும்போது கைகொடுக்கும் அறிவுரை.

கண்டெய்னர் நிரப்பும் பயிற்சியும் எனக்குப் பிடித்திருந்தது. 20 அடிப் பெட்டியின் உட்புற நீளம் சுமார் 5.9 மீட்டர், அகலம் சுமார் 2.35 மீட்டர். 1.2 மீட்டருக்கு 1 மீட்டர் பேலட்டுகள் எத்தனை வைக்கலாம் என்று கேட்டால், பரப்பளவை வகுத்துப் பார்ப்பவருக்கு 11 என்று விடை வரும். தரையில் உண்மையில் வைக்க முடிவது 10தான். மீதிப் பரப்பு எந்தப் பேலட்டும் நுழைய முடியாத சந்துகளாகச் சிதறிக் கிடக்கும். வகுத்தல் கணக்கை நம்பி வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஒரு பேலட்டை வெளியே நிறுத்தி வைக்கும் நிலையைத் தவிர்க்க, தாளில் வரைந்து பார்க்கும் பழக்கத்தை இந்தப் பயிற்சி ஏற்படுத்துகிறது.

இருப்பு மேலாண்மைப் பகுதியில்தான் எனக்குக் கருத்து வேறுபாடுகள் இருக்கின்றன. 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் வெளியிட்ட, ஒரு முறைக்கு எவ்வளவு ஆர்டர் செய்தால் செலவு குறையும் என்று காட்டும் சிக்கன ஆர்டர் அளவுச் சூத்திரத்தைப் பிழையின்றிச் சொல்லித்தருகிறார்கள். ஆண்டுத் தேவை 1200, ஒரு ஆர்டருக்கான செலவு 50, ஒரு பொருளை ஆண்டு முழுவதும் வைத்திருக்கும் செலவு 3 என்றால், விடை 200. இங்கே பாடம் முடிந்துவிடுகிறது. மேலாளருக்குத் தேவையான செய்தி இதற்கு அப்பால் இருக்கிறது. 200க்குப் பதில் 300 ஆர்டர் செய்தால் ஆண்டுச் செலவு 600லிருந்து 650 ஆகிறது. அதாவது, ஆர்டர் அளவில் ஐம்பது விழுக்காடு விலகினாலும் செலவு எட்டு விழுக்காடு அளவுக்கே ஏறுகிறது. அப்படியென்றால் லாரி நிறையும் அளவுக்கோ பேலட் நிறையும் அளவுக்கோ எண்ணைத் தயங்காமல் மாற்றிக்கொள்ளலாம். சூத்திரத்தைக் கொடுத்துவிட்டு, அதை எவ்வளவு தளர்வாகக் கையாளலாம் என்பதைச் சொல்லாமல் விட்டதால், இரண்டு இலக்கத் தசமம் வரை கணக்கிடும் மாணவர்களை இந்தப் பாடம் உருவாக்கும்.

பாதுகாப்பு இருப்புப் (சரக்கு தீர்ந்துபோகாமல் இருக்கக் கூடுதலாக வைப்பது) பாடத்தில் உள்ள குறை இதைவிடப் பெரியது. தினசரித் தேவையின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து விலகும் அளவு) 20, சரக்கு வந்துசேர 9 நாட்கள், 95 விழுக்காடு சேவைத்தரம் (சரக்கு தீராமல் இருப்பதற்கான வாய்ப்பு) என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு இருப்பு 99 என்று காட்டுகிறார்கள். 99 விழுக்காடு வேண்டுமென்றால் 140. கணக்கு சரிதான். ஆனால் அந்த 9 நாட்கள் எப்போதும் 9 நாட்களாகவே இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் அது நிற்கிறது. எந்தக் கிடங்கிலும் அப்படி நடப்பதில்லை. சராசரித் தினசரித் தேவை 100 என்றும், வந்துசேரும் நாட்களின் திட்ட விலக்கம் 2 என்றும் சேர்த்துக் கணக்கிட்டால், அதே 95 விழுக்காட்டுக்கு 99 போதாது. ஏறக்குறைய 345 தேவை. தேவையின் ஏற்றத்தாழ்வைவிடப் போக்குவரத்தின் நம்பகமின்மைதான் கிடங்கை நிரப்புகிறது என்பதை இந்த ஒரு கணக்கு காட்டிவிடும். மலிவான, ஆனால் நேரம் தவறும் போக்குவரத்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததற்கான விலையை எங்கே செலுத்துகிறோம் என்பதை நிர்வாகத்துக்குப் புரியவைக்க இந்தக் கணக்கு தெரிந்திருந்தாக வேண்டும். மேலாண்மைப் படிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு இதை விட்டுவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

கிடங்குப் பகுதியில் காணொளிகள் கண்ணைக் கவர்கின்றன. தானியங்கி அடுக்குகள், ரோபோ வண்டிகள், பளபளக்கும் தரை என்று எல்லாம் இருக்கிறது. அடிக்கடி எடுக்கப்படும் பொருட்களை அனுப்பும் வாயிலுக்கு அருகே, இடுப்பு உயரத்தில் வைக்க வேண்டும் என்பதும், ஆண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் எண்ணுவதைவிட அன்றாடம் சிறிது சிறிதாக எண்ணும் முறை ஏன் மேலானது என்பதும் நன்றாகவே சொல்லப்படுகின்றன. எண்ணிக்கையில் வேறுபாடு வந்தால் கணினியில் எண்ணைத் திருத்திவிட்டு நகராமல் காரணத்தைத் தேட வேண்டும் என்று வலியுறுத்தியிருப்பதைத் தனியாகப் பாராட்டுகிறேன். ஆனால் ஃபோர்க்லிஃப்ட் போகும் பாதையையும் ஆட்கள் நடக்கும் பாதையையும் பிரிப்பது பற்றி ஒரே ஒரு ஸ்லைடுதான் இருக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது முடியாத வேலையை அடுத்தவரிடம் ஒப்படைப்பது, அவசர ஆர்டர் வரும்போது யாருடைய வேலையை நிறுத்திவைப்பது, களைத்துப்போன குழுவிடம் இன்னொரு லாரியை எப்படி இறக்கச் சொல்வது என்பவை எங்குமே வரவில்லை. மேற்பார்வையாளர் மேலாளராக உயர்வதும் உயராததும் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் முடிவாகிறது.

செயல்திறன் அளவீடுகள் குறித்த சிறிய பாடம் ஒன்று உண்டு. நேரத்துக்குச் சேர்ந்தவை 95 விழுக்காடு, முழு அளவில் சேர்ந்தவை 95 விழுக்காடு, ஆவணப் பிழையின்றிச் சேர்ந்தவை 95 விழுக்காடு என்றால், இவை ஒன்றையொன்று சாராதபோது மூன்றிலும் குறையில்லாமல் சேர்ந்தவை சுமார் 86 விழுக்காடே என்று காட்டுகிறார்கள். ஒவ்வொரு பிரிவும் தன் எண் நன்றாக இருப்பதாகச் சொல்லும்போது வாடிக்கையாளர் ஏன் கோபமாக இருக்கிறார் என்பதற்கு இதில் விடை இருக்கிறது. மென்பொருள் பகுதியில் கிடங்கு மேலாண்மை மென்பொருளின் மாதிரித் திரைகளைக் காட்டுகிறார்கள்; எக்ஸெல் பயிற்சி இல்லை. எத்தனை பெரிய மென்பொருள் இருந்தாலும் அதிலிருந்து தரவை இறக்கி எக்ஸெலில் பிவட் (தொகுப்பு அட்டவணை) போட்டுப் பார்ப்பதுதான் பெரும்பாலான அலுவலகங்களின் அன்றாடம் என்பதால், இதைத் தனியாகக் கற்றுக்கொண்டாக வேண்டும்.

டெமரேஜ், டிடென்ஷன் இரண்டும் அரைப் பக்கத்தில் கடந்துபோகின்றன. இலவச நாட்கள் கடந்தும் சரக்குப் பெட்டி முனையத்துக்குள் கிடந்தால் விழுவது டெமரேஜ். வெளியே எடுத்துச் சென்ற பெட்டியைக் காலியாக்கி உரிய நாளுக்குள் திருப்பாவிட்டால் விழுவது டிடென்ஷன். வரையறை சொல்லியாயிற்று, சரி. இலவச நாட்களை முன்பதிவின்போதே பேசி எழுத்தில் வாங்குவது, ஆவணங்களைக் கப்பல் வருவதற்கு முன்பே சுங்கத்தில் தாக்கல் செய்வது, எந்தப் பெட்டிக்கு எந்த நாள் கெடு என்று தினமும் பார்க்கும் பட்டியல் வைப்பது ஆகியவற்றைச் சொல்லியிருந்தால், புதிதாக வேலையில் சேர்பவர் முதல் மாதத்திலேயே தன் மதிப்பைக் காட்டியிருக்க முடியும்.

இப்போது வேலைவாய்ப்பு வழிகாட்டுதலுக்கு வருகிறேன். பலர் இந்தப் படிப்பில் சேர்வதே இதற்காகத்தான். ஆவண உதவியாளர், போக்குவரத்துத் திட்டமிடுபவர், இருப்புப் பகுப்பாய்வாளர், கிடங்கு மேலாளர், விநியோகச் சங்கிலி இயக்குநர் என்று நேரான ஏணி ஒன்றை வரைந்து காட்டுகிறார்கள். நான் பார்த்தவரை யாரும் இப்படி நேராக ஏறியதில்லை. கிடங்கிலிருந்து போக்குவரத்துக்கும், அங்கிருந்து வாடிக்கையாளர் சேவைக்கும், பின்னர் கொள்முதலுக்கும் பக்கவாட்டில் நகர்ந்தவர்கள்தான் பெரிய பொறுப்புகளுக்கு வருகிறார்கள். காரணம் எளிது. ஒரு பிரிவில் மிச்சப்படுத்திய செலவு இன்னொரு பிரிவில் எப்படி வெடிக்கிறது என்பதை அவர்கள் அனுபவித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். சரக்கு அனுப்பும் முகமை நிறுவனத்தில் சேர்ந்தால் பல வகைச் சரக்கையும் பல வழிகளையும் விரைவாகப் பார்க்கலாம். உற்பத்தி நிறுவனத்தின் லாஜிஸ்டிக்ஸ் பிரிவில் சேர்ந்தால் ஒரே சரக்கின் முழுப் பயணத்தையும் ஆழமாகப் பார்க்கலாம். தொடக்க ஆண்டுகளில் இவற்றில் எது தனக்கு ஏற்றது என்று முடிவெடுப்பது எந்தச் சான்றிதழைவிடவும் முக்கியமானது. படிப்பு இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நேர்காணல் பயிற்சிக் காணொளியும் பொதுவானதே. இந்தத் துறையின் நேர்காணலில் ஏதோவொரு வடிவில் தவறாமல் வரும் கேள்வி, ஒரு சரக்கு தாமதமானால் என்ன செய்வீர்கள் என்பது. அதற்கு நல்ல பதில், தாமதத்தை வாடிக்கையாளர் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே தெரிவிப்பதில் தொடங்குகிறது. என்ன நடந்தது, சரக்கு இப்போது எங்கே இருக்கிறது, புதிய தேதி எது, மாற்று வழிகளும் அவற்றின் செலவும் என்ன, அடுத்த தகவல் எப்போது வரும் என்பவற்றை ஐந்தாறு வரிகளில் எழுதத் தெரிந்தவரை எந்த மேலாளரும் தன் குழுவில் வைத்துக்கொள்ள விரும்புவார். இந்த மின்னஞ்சலை எழுதும் பயிற்சி ஒன்றைச் சேர்த்திருந்தால் முழுப் பகுதியின் தரமே உயர்ந்திருக்கும்.

சான்றிதழின் மதிப்பைப் பொறுத்தவரை தெளிவாக இருக்க வேண்டும். இது நடத்தும் நிறுவனம் தானே வழங்கும் சான்றிதழ். முன்பு ஏபிக்ஸ் என்ற பெயரில் இயங்கிய விநியோகச் சங்கிலித் துறையின் ஏஎஸ்சிஎம் அமைப்பு தரும் லாஜிஸ்டிக்ஸ் சான்றிதழான சிஎல்டிடி, 1919இல் தோன்றிய, போக்குவரத்துத் துறையினரின் சிஐஎல்டி அமைப்பின் தகுதிகள் போன்றவற்றுக்கு இது ஈடாகாது. சிஎல்டிடியைத் தக்கவைத்துக்கொள்ள ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை தொடர் கற்றலைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். விமானத்தில் ஆபத்தான சரக்கைக் கையாள்வதற்கான பயிற்சியையும் 24 மாதங்களுக்குள் மீண்டும் பெற வேண்டும். இத்தகைய கட்டாயம் இருப்பதால்தான் வேலை கொடுப்பவர்கள் அவற்றை மதிக்கிறார்கள். இந்தப் படிப்பு அந்தத் தேர்வுகளுக்கு நல்ல அடித்தளமாக அமையும் என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடம் தொடர்பான கேள்விகளுக்கு ஆசிரியர் குழு பொறுமையாகவும் விரிவாகவும் பதில் தருகிறது. ஆவணப் பயிற்சியில் என் விடைத்தாளுக்குக் கிடைத்த குறிப்புகள், பாடத்தைவிடக் கூடுதலாகவே கற்றுத்தந்தன. இறுதித் திட்டப்பணியை மட்டும் சக மாணவர்களே மதிப்பிடுகிறார்கள். மூன்று விநியோக மையங்களில் எதை மூடலாம் என்ற அந்தத் திட்டப்பணிக்குக் கொடுக்கப்படும் தரவும், ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லாத, ஒரு பொருளுக்கு இரண்டு குறியீடுகள் இல்லாத, நடைமுறையில் காணக்கிடைக்காத தூய தரவாக இருக்கிறது. குழம்பிய தரவைச் சீர்செய்வதில்தான் அந்த வேலையின் பெரும்பகுதி இருக்கிறது என்பதால், இதைத் திருத்துமாறு கருத்துப் படிவத்தில் எழுதியிருக்கிறேன்.

கிடங்கிலோ முகமை நிறுவனத்திலோ ஓராண்டாவது வேலை பார்த்தவர்கள் தயங்காமல் சேரலாம். ஆவணப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். கல்லூரியை முடித்துவிட்டு நேரே வருபவர்கள் முதலில் சிறிய வேலையாக இருந்தாலும் சரக்கு கண்ணெதிரே நகரும் இடம் ஒன்றில் சேர்ந்துகொண்டு, அதன்பின் இதைத் தொடங்குவது நல்லது. வேறு எந்த நிறுவனத்தின் படிப்பில் சேர்வதாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இன்கோடெர்ம்ஸ் பாடம் 2020 பதிப்பைப் பின்பற்றுகிறதா, பயிற்சித் தாள்களைத் திருத்துவது ஆசிரியரா அல்லது சக மாணவர்களா, படிப்பு முடிந்த பிறகும் பாடங்களை எத்தனை காலம் திறந்து பார்க்கலாம். இன்கோடெர்ம்ஸ் பாடத்தில் டிபியு (சேரிடத்தில் இறக்கி ஒப்படைக்கும் விதி) என்பதற்குப் பதிலாக அதன் பழைய பெயரான டிஏடி என்று இருந்தால், அந்தப் பாடம் 2020க்குப் பிறகு திருத்தப்படவில்லை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.